தண்டனைக்கு ஒரு முடிவு தேதி



2025 மே 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள குரூசிபிள் அரங்கில் உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டம் நிறைவுற்றது. சீனாவைச் சேர்ந்த ஜாவோ ஷின்டாங் என்ற 28 வயது இளைஞர், வேல்ஸ் நாட்டின் மூத்த வீரர் மார்க் வில்லியம்ஸை 18-12 என்ற கணக்கில் வென்றார். 1927இல் தொடங்கிய அந்தப் போட்டியில் ஆசியக் கண்டத்தைச் சேர்ந்த ஒருவர் வாகை சூடியது அதுவே முதல் முறை. பரிசுத் தொகை 5 இலட்சம் பவுண்டு.

மதரசாவில் பாடம் நடத்துவோர்க்கும் ஸ்னூக்கர் மேசைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். அந்த இளைஞர் வென்றார் என்பதற்காக நாம் இதை எழுதவில்லை. வெற்றிக்கு எட்டு மாதங்களுக்கு முன்புவரை அவர் தடை விதிக்கப்பட்டவராக இருந்தார். தடைக்குக் காரணம் பந்தயம். அவர் விழுந்ததிலும் எழுந்ததிலும் நம் வீடுகளுக்கும் நம் மஹல்லாக்களுக்கும் தேவையான ஒரு படிப்பினை இருப்பதாக நமக்குப் படுகிறது.

இந்த விளையாட்டு நம் மண்ணுக்கு அந்நியமானதன்று. ஆங்கிலேய இராணுவ அதிகாரிகள் ஜபல்பூரில் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஸ்னூக்கருக்கு விதிகள் எழுதப்பட்டது நம் உதகமண்டலத்தில்தான் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. பச்சைத் துணி விரித்த மேசையில் 15 சிவப்புப் பந்துகளும் ஆறு வண்ணப் பந்துகளும் இருக்கும். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து, அதனைக் கொண்டு மற்றப் பந்துகளை மேசையின் பைகளில் வீழ்த்த வேண்டும். ஒரு சிவப்பு, பின்னர் ஒரு வண்ணம் என்று முறை மாறி வரும். ஒருவர் ஆடும்போது மற்றவர் நாற்காலியில் அமர்ந்து காத்திருப்பார். அரங்கில் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

இவ்விளையாட்டின் ஒரு மரபு நம்மைப் பெரிதும் கவர்ந்தது. ஆடுபவரின் சட்டைக் கையோ கோலோ தவறுதலாக ஒரு பந்தைத் தொட்டுவிட்டால் அது குற்றம். நடுவர் அதைக் கவனிக்காமல் போனாலும், தொட்டவரே முன்வந்து ‘தொட்டுவிட்டேன்’ என்று அறிவிப்பது அங்கு எதிர்பார்க்கப்படும் ஒழுக்கம். அதனால் ஆட்டமே கைநழுவிப் போனாலும் சொல்வார்கள். யாரும் பார்க்காத இடத்தில் காக்கப்படுவதே அமானத். நம் பிள்ளைகளுக்கு இஹ்ஸானைப் பற்றிச் சொல்லும்போது இந்த உதாரணத்தை நாம் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறோம்.

அத்தகைய ஒழுக்கத்தைப் பெருமையாகக் கருதிய விளையாட்டிற்குள் பந்தயம் நுழைந்தது. 2023 ஜூன் மாதம், சுயேச்சையான ஒழுங்கு ஆணையம் ஒன்று சீன வீரர்கள் பத்துப் பேருக்குத் தண்டனை அறிவித்தது. முன்கூட்டியே பேசி வைத்துத் தோற்பது, அப்படித் தோற்குமாறு பிறரைத் தூண்டுவது, தம் விளையாட்டின் மீதே பந்தயம் கட்டுவது ஆகியவை குற்றச்சாட்டுகள். ஸ்னூக்கர் வரலாற்றில் இவ்வளவு பெரிய மோசடி வழக்கு அதற்கு முன் எழுந்ததில்லை.

ஒரு வீரர் பொய்யாகத் தோற்பதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது எளிதன்று. ஒரு பந்து பையின் விளிம்பில் பட்டுத் திரும்புவது எந்த வீரருக்கும் நேரக்கூடியது. அது கைத்தவறா மனத்தவறா என்பதை அடித்தவரும் அல்லாஹ்வுமே அறிவர். ஆனால் ஒருவர் தோற்கப் போகிறார் என்பதை முன்பே அறிந்தவர்கள் பேராசையால் பெருந்தொகையைப் பந்தயத்தில் இறக்கும்போது, அந்தப் பணமே சாட்சியாக மாறிவிடுகிறது.

அந்தப் பத்துப் பேருக்கும் ஒரே தண்டனை வழங்கப்படவில்லை என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இளைய வீரர்களைத் தவறுக்குள் இழுத்த லியாங் வென்போ, லீ ஹாங் ஆகிய இருவருக்கும் வாழ்நாள் தடை. தானே ஆட்டங்களை விற்ற யான் பிங்டாவ் என்பவருக்கு ஐந்து ஆண்டுகள். ஜாவோ ஷின்டாங் எந்த ஆட்டத்திலும் பொய்யாகத் தோற்கவில்லை. ஆயினும் மற்றொரு வீரர் இரண்டு ஆட்டங்களில் செய்த மோசடியில் அவருக்குப் பங்கு இருந்தது. அவர் பந்தயமும் கட்டியிருந்தார். அவருக்கு 30 மாதங்கள் விதிக்கப்பட்டு, குற்றத்தை முற்கூட்டியே ஒப்புக்கொண்டதால் அது 20 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. பிறரை வழிகெடுப்பவன் தன் பாவத்தோடு அவர்களின் பாவச் சுமையையும் சுமப்பான் என்று நம் மார்க்கம் கற்பிப்பதையும், பாவத்தை ஏற்றுக்கொள்வதே தவ்பாவின் முதற்படி என்பதையும் அறிந்த நமக்கு இந்த அளவுகோல் புதிதன்று.

தண்டனைக்கு உள்ளாகும்முன் அவர் யாரும் அறியாதவராக இருந்தவர் அல்லர். 2021இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற யூகே சாம்பியன்ஷிப்பையும், 2022இல் ஜெர்மன் மாஸ்டர்ஸையும் வென்றவர். இந்த விளையாட்டின் அடுத்த பெரும் வீரர் என்று பலரும் அவரைச் சுட்டிய நேரத்தில் அனைத்தும் பறிபோயின. ஒரு பந்தயச் சீட்டில் வரக்கூடிய ஆதாயம், இந்த இழப்பின் முன் எம்மாத்திரம்? மதுவிலும் சூதிலும் மனிதர்க்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்ற அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனக் கருத்தை விளக்க இதைவிட வெளிப்படையான உதாரணம் வேண்டியதில்லை.

தடை 2024 செப்டம்பர் 1ஆம் நாள் முடிந்தது. அன்று அவருக்கு யாரும் பழைய இருக்கையைத் துடைத்து வைத்துக் காத்திருக்கவில்லை. தொழில்முறை வீரர் என்ற தகுதியே போயிருந்தது. சிறிய அரங்குகளில் நடக்கும் அமெச்சூர் போட்டிகளில் அடிமட்டத்திலிருந்து ஆடினார். அங்கு வென்று அடுத்த பருவத்திற்கான தொழில்முறை இடத்தைப் பெற்றார். அந்தப் பருவம் தொடங்குமுன் வந்த உலகப் போட்டிக்கு அமெச்சூராகவே விண்ணப்பித்து, தகுதிச் சுற்றுகளில் நான்கு ஆட்டங்களை வென்ற பிறகே குரூசிபிள் அரங்கின் வாசலை மிதித்தார்.

அதன் பின்னர் வந்த முடிவுகள் இவை: முதல் சுற்றில், முந்தைய ஆண்டு இறுதிவரை சென்ற ஜாக் ஜோன்ஸை 10-4 என்று வென்றார். இரண்டாம் சுற்றில் தம் நாட்டவரான லெய் பெய்ஃபானை 13-10. காலிறுதியில் கிறிஸ் வேக்லினை 13-5. அரையிறுதியில் ஏழு முறை உலக சாம்பியனான ரோனி ஓசல்லிவனை 17-7. இறுதியில் வில்லியம்ஸுக்கு எதிராக 17-8 என்று முன்னிலை பெற்றிருந்தார். இன்னும் ஒரே ஓர் ஆட்டம் வேண்டும். அப்போது 50 வயதான வில்லியம்ஸ் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்று அரங்கையே நிமிர்ந்து உட்கார வைத்தார். அதற்கடுத்த ஆட்டத்தில் ஜாவோ முடித்துவைத்தார். தரவரிசைப் பட்டியலிலேயே இல்லாதவராக வந்தவர், அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் உலகின் 11ஆம் இடத்தில் அமர்ந்தார்.

இனி நம் பக்கம் வருவோம்.

ஸ்னூக்கர் ஆடலாமா என்று பிள்ளைகள் நம்மிடம் கேட்பதுண்டு. பந்தயம் இல்லாமல், தொழுகையைப் பாழாக்காமல், கடமைகளை மறக்கடிக்காமல், தீய சூழலுக்குள் இழுக்காமல் இருக்கும் வரை விளையாட்டுகளில் இடமுண்டு என்பதே நாம் கற்றோரிடம் கேட்டறிந்த விளக்கம். ஆனால் நம் ஊர்ச் சாலையோரக் கூடங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது: தோற்றவர் மேசைக் கட்டணம் முழுவதையும் கொடுக்க வேண்டும். ‘இருவரும் நண்பர்கள், இதில் என்ன சூது?’ என்று பிள்ளைகள் கேட்கின்றனர். வென்றால் என் செலவு உன் தலையில், தோற்றால் உன் செலவு என் தலையில் என்று இருவரும் ஒப்புக்கொண்டு ஆடுவது கிமாரின் இலக்கணத்திற்குள் வந்துவிடுகிறது என்று உலமாக்கள் விளக்குகின்றனர். கட்டணத்தை முன்பே சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் அந்தச் சிக்கல் இல்லை. தொகை சிறிதுதான். ஆனால் ‘தோற்றவன் கொடுக்கட்டும்’ என்ற சுவை நாவில் பட்ட பிறகுதான் கைப்பேசியிலுள்ள பந்தயச் செயலி இனிக்கத் தொடங்குகிறது.

பெரியவர்களின் உலகமும் இதில் பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரி காட்டவில்லை. எந்த விளையாட்டு பந்தயம் கட்டிய வீரர்களைத் தண்டித்ததோ, அதே விளையாட்டின் உலகப் போட்டி பல ஆண்டுகள் பந்தய நிறுவனத்தின் பெயரையே நெற்றியில் தாங்கி நடந்தது. நம் நாட்டிலும் கிரிக்கெட் ஒளிபரப்பின் இடையிடையே பணம் வைத்து ஆடும் செயலிகளின் விளம்பரங்களை நம் பிள்ளைகள் பார்த்தே வளர்ந்தனர். 2025 ஆகஸ்டில்தான் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் சூதை ஷைத்தானின் செயல் என்று அடையாளப்படுத்தி, அது பகையை மூட்டும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கும் என்று எச்சரித்து 14 நூற்றாண்டுகள் ஆகின்றன.

சூது கூடாது என்பதை நம் வாசகர்கள் அறிவர். மிம்பர்களில் அது பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. நாம் இங்கு முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. சூதில் விழுந்து, வெளியேறி, திருந்தி நிற்கும் பிள்ளையை நாம் என்ன செய்கிறோம்?

நம்மிடம் ஓதிய ஒரு பிள்ளை. நல்ல குரல், நல்ல நினைவாற்றல். வேலைக்குச் சென்ற இடத்தில் கைப்பேசி ரம்மி பிடித்துக்கொண்டது. சம்பளம் போயிற்று. தங்கையின் திருமணத்திற்கென்று உம்மா சேர்த்து வைத்ததும் போயிற்று. கடைத்தெருவில் நான்கு பேரிடம் கடன். செய்தி வெளியானபோது ஊரே அறிந்தது. அதன் பின் அவன் ஆட்டத்தை விட்டான்; சாதாரணக் கைப்பேசி ஒன்றை வைத்துக்கொண்டான்; மளிகைக் கிடங்கில் மூட்டை இறக்கி மூன்று ஆண்டுகளில் நான்கு பேரின் கடனையும் அடைத்தான்; தங்கையின் திருமணத்தையும் முடித்தான். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

ஊரில் இன்றும் அவனுக்குப் பட்டப்பெயர் ‘ரம்மி’. ரமளானில் நோன்புக் கஞ்சிக்குப் பொருள் வாங்கும் பொறுப்பை ஏற்க முன்வந்தபோது, ‘அவன் கையில் காசா?’ என்று ஒருவர் கேட்டார், மற்றவர்கள் பேசாதிருந்தனர். பெண் பார்க்கச் சென்ற வீடுகளுக்கெல்லாம் அவர்கள் போவதற்கு முன்பே யாரோ தொலைபேசியில் தகவல் சொல்லிவிடுகின்றனர். அவனுடைய உம்மா ஒருநாள் நம்மிடம் வந்து கேட்டார்: ‘ஹழ்ரத், கோர்ட்டில் தண்டனை கொடுத்தாலும் இத்தனை வருஷம் என்று சொல்வார்கள். என் பிள்ளைக்கு இன்னும் எத்தனை வருஷம்?’

அந்தத் தாயின் கேள்விக்கு நம் மார்க்கத்தில் விடை இருக்கிறது.

தவ்பாவின் நிபந்தனைகளைச் சிறு வயதிலேயே கற்பிக்கிறோம்: பாவத்தை விட்டுவிடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல், அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தல். இந்நான்கும் நிறைவேறிய பிறகு அல்லாஹ்விடம் அவனுக்கு வாசல் திறந்திருக்கிறது. அஸ்ஸுமர் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் தமக்கே தீங்கிழைத்துக்கொண்ட அடியார்களை நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று அழைக்கிறது.

ஆனால் மனிதர்களின் நம்பிக்கை? அது வேறு கணக்கு என்பதை நம் சட்ட அறிஞர்களும் உணர்ந்தேயிருந்தனர். அவதூறு சொன்னவரின் சாட்சியத்தைப் பற்றி அந்நூர் அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்கள் பேசுகின்றன. அவர் தவ்பாச் செய்து சீர்திருந்திய பிறகு அவருடைய சாட்சியம் ஏற்கப்படுமா? ஏற்கப்படாது, பாவி என்ற பெயர் மட்டுமே நீங்கும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஏற்கப்படும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஆயினும் ஷாஃபிஈ அறிஞர்கள் உடனே ஏற்றுவிடவில்லை. அவருடைய திருந்தல் உண்மைதானா என்று அறியச் சிறிது காலம் கவனிக்க வேண்டும் என்றனர்; அவர்களில் பெரும்பாலோர் அதற்கு ஓராண்டு என்று அளவு வைத்தனர். நான்கு பருவங்களும் ஒருமுறை கடந்து போகும்போது மனிதனின் இயல்பு வெளிப்பட்டுவிடும் என்பது அவர்களின் காரணம்.

இந்த ஓராண்டு என்ற சொல்லைச் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். சோதனைக் காலம் உண்டு; ஆனால் அதற்கு முடிவும் உண்டு. ஹனஃபி மத்ஹபின் கடுமையும் நீதிமன்றச் சாட்சியம் என்ற ஒரே இடத்தோடு நின்றுவிடுகிறது. திருந்தியவனைப் பட்டப்பெயர் சொல்லி அழைக்கவோ, அவன் திருமணத்தைக் கெடுக்கவோ எந்த மத்ஹபும் அனுமதி தரவில்லை.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் இருந்தார். ஒருமுறை அன்று, மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டார். ஒருவர் அவரைச் சபித்தபோது, சபிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறினார்கள். தண்டனையை நிறுத்தவில்லை, தண்டனைக்கு மேல் ஒரு சொல்லைக் கூட்டவும் அனுமதிக்கவில்லை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மீது கூறப்பட்ட அவதூறில் பங்குகொண்டவர்களில் மிஸ்தஹ் (ரலி) அவர்களும் ஒருவர். அவர் ஏழை, அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், அவர்களுடைய உதவியால் வாழ்ந்தவர். தம் மகளின் மானத்தைப் பேசியவருக்கு இனி உதவுவதில்லை என்று அபூபக்ர் (ரலி) சத்தியம் செய்தார்கள். எந்தத் தந்தைக்கும் அது நியாயமாகவே தோன்றும். அப்போது இறங்கியதுதான் அந்நூர் அத்தியாயத்தின் 22ஆம் வசனம். அல்லாஹ் உங்களை மன்னிக்க வேண்டுமென நீங்கள் விரும்பவில்லையா என்ற அதன் கேள்விக்கு முன்னால் அபூபக்ர் (ரலி) அவர்களின் கோபம் கரைந்தது. நிறுத்திய உதவியை மீண்டும் தொடர்ந்தார்கள். நம் மஹல்லாவில் ஒரு பிள்ளை செய்த எந்தத் தவறு இதைவிடப் பெரியது?

ஸ்னூக்கர் அமைப்பினர் மார்க்கத்தைப் பின்பற்றி இதைச் செய்யவில்லை. தம் விளையாட்டைக் காக்கச் செய்தார்கள். ஆயினும் அவர்களின் ஏற்பாட்டில் நாம் கற்க இரண்டு உண்டு. தண்டனைக்கு ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதிக்குப் பின் திரும்பி வர ஒரு பாதை இருந்தது. அது நீண்ட பாதை, அடிமட்டத்தில் தொடங்கும் பாதை. 20 மாதங்கள் போதாது என்று கருதியவர்களும் இருந்தனர். இருந்தும் தேதி வந்ததும் வாசல் திறந்தது. ஜாவோவுக்கு யாரும் கோப்பையைத் தூக்கிக் கொடுக்கவில்லை. தகுதிச் சுற்றில் ஆட இடம் கொடுத்தார்கள், அவ்வளவே. திருந்தி வந்த பிள்ளையிடம் பைத்துல்மாலின் சாவியை நாளையே கொடுக்குமாறு நாமும் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு தகுதிச் சுற்று வேண்டும் என்கிறோம்.

நம் மஹல்லாவில் இதைப் பேசினோம். ஓராண்டைக் கடந்து ஐந்து ஆண்டுகள் ஆயிற்று என்பதை எடுத்துச் சொன்னோம். சிலர் ஏற்றனர், சிலர் ஏற்கவில்லை. கடந்த ரமளானில் கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் வாங்கி வரும் வேலை அவனிடம் தரப்பட்டது. பணத்தைக் கடைக்காரரிடம் நிர்வாகிகளே நேரடியாகச் செலுத்தினர். முப்பது நாளும் இரசீதுகளை நாள்வாரியாக நூலில் கோர்த்துக் கொண்டுவந்து ஒப்படைத்தான். திருமணம் மட்டும் இன்னும் அமையவில்லை. தொலைபேசியில் தகவல் சொல்பவரின் நாவுக்கு எந்த ஆணையமும் தேதி குறிக்க முடியாது. அதை அவரே அல்லாஹ்வுக்கு அஞ்சிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளையின் கைப்பேசியில் பந்தயச் செயலி இருப்பதைக் கண்டால், அவன் தானாகச் சொல்லும்படியான நெருக்கத்தை முதலில் உண்டாக்குங்கள். முற்கூட்டி ஒப்புக்கொண்டவரின் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை அந்த ஆணையம் குறைத்தது. உண்மை சொன்னதற்கும் பொய் சொன்னதற்கும் ஒரே அடி விழும் வீட்டில் எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். தவறு செய்து திருந்திய இளைஞர்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் உள்ளனர். அவர்களை அழைத்துப் பேசுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டார்களா என்று கணக்குக் கேளுங்கள். கவனிக்கும் காலம் இன்ன நாள்வரை என்று அவர்களிடமே சொல்லுங்கள். காலம் முடிந்ததும் ஒரு சிறு பொறுப்பைக் கொடுங்கள். பள்ளிவாசலின் வாசல் அடைபட்டால் அவர்கள் திரும்பிச் செல்லும் இடம் எதுவென்று நமக்குத் தெரியும். பந்தயச் செயலி யாரிடமும் பழைய கதை கேட்பதில்லை.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைச் சூதின் தீங்கிலிருந்து காப்பாயாக. விழுந்தவர்கள் எழுவதற்கு வலிமை தருவாயாக. எழுந்து வருவோரைக் கைநீட்டி ஏற்கும் மனத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.